விருந்தாளித் தண்ணீர்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஹாலில் ஒரு முக்காலி இருக்கும். அதன்மேல் காசு கொடுத்து வாங்கிய ஒரு தண்ணீர்க் கேன். கேனுக்குப் பழைய புடவையில் தைத்த உறை, உச்சியில் அழுத்தினால் தண்ணீர் கொட்டுகிற பம்பு. சில வீடுகளில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகூட அதன்மேல் அழியாமல் இருக்கும். இவ்வளவு மரியாதையோடு வீற்றிருக்கும் அந்தத் தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் கொடுப்பார்கள், கைக்குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பார்கள், மாத்திரை போட ஒரு வாய் எடுப்பார்கள். வீட்டு மனிதர்கள் குடிப்பதெல்லாம் சமையல்கட்டுக் குடத்தில் இருக்கும் தெருக்குழாய்த் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்வதற்கே எனக்கு வாய் கூசுகிறது. பிடிக்கும்போது வெளுப்பாக இருக்கும், ஒரு மணி நேரம் வைத்தால் மஞ்சளாகும், மறுநாள் குடத்தின் அடியில் செங்கல் பொடி மாதிரி படியும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. டீ போட்டால் பால் திரிந்துவிடும். தலைக்குத் தேய்த்தால் ஷாம்பு நுரைக்க மறுக்கும். வாயில் வைத்தால் முதலில் உப்பு, அப்புறம் துருப்பிடித்த ஆணியை நக்கிய ருசி. இதைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம், வேலைக்குப் போனோம், ஓட்டுப் போட்டோம். விருந்தாளி "நல்லா இனிப்பா இருக்குதே உங்க ஊரு தண்ணி" என்றால், "ஆமா, எங்க தெருவு குழா தண்ணிதான்" என்று கூசாமல் புளுகுவோம். நானும்தான். என்னை விட்டுவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

தவளக்குப்பம் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால், ஒரு காலத்தில் நெல் வயலாக இருந்து அப்புறம் மனைகளாகிவிட்ட பள்ளத்தில் எங்கள் தெரு. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள், கடல் கரையை அரித்ததில் வீடு போய் உள்ளே தள்ளி வந்த மீன்காரக் குடும்பங்கள், எல்லாரும் வாடகைக்கு இருக்கிறோம். நான் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனு எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. எத்தனை மனுவில் "உடனடி நடவடிக்கை" என்று எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்தாலே இப்போது எனக்குக் கொட்டாவி வருகிறது.

என் மனுக்களிலேயே ஒன்றே ஒன்றுதான் பலித்தது. அது பலித்த லட்சணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தெருக்குழாய்க்கு நேர் எதிர் வீட்டில் ஒரு மீன்கார அக்கா இருக்கிறாள். புருஷன் இல்லை, ஒரே மகள். விடிவதற்குள் கரைக்குப் போய் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து வீடு வீடாக விற்பாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். விலை பேசுகிற பொம்பளையிடம், "மீனப் பாருடி, ஏன் மூஞ்சப் பாக்கற, நானா கொழம்புல வேவப் போறேன்?" என்பாள். எல்லாரையும் போல நானும் அவளுக்குப் பயப்படுவேன்.

அவள் மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் மடுகரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பு, நெல், சொந்த மோட்டார் கொட்டகை, அதில் இளநீர் மாதிரி தண்ணீர். பையனின் அம்மாவுக்கு மீன்காரி வீட்டில் சம்பந்தம் என்பதே தொண்டையில் மாட்டிய முள். கல்யாணம் முடிந்து அந்தம்மா முதல் தடவை அக்கா வீட்டுக்கு வந்த அன்று கேன் தீர்ந்து போயிருந்தது. அக்கா பதற்றத்தில் குழாய்த் தண்ணீரிலேயே டீ போட்டாள். பால் திரிந்தது. அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்ல, நாங்க போற வழியில குடிச்சிக்கறோம்" என்று எழுந்து போனாள்.

அப்புறம் மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது முறை. ஐந்தாம் மாத வளைகாப்பில் அந்தம்மா எல்லார் முன்னாலும் சொன்னது இது.

"மொறைய நான் மாத்தல. ஆனா அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு எங்க வூட்டுப் புள்ள பொறக்க வாணாம். நல்ல தண்ணி வர்ற எடமாப் பாத்து சொல்லுங்க சம்பந்தி, அனுப்பறோம். இல்லன்னா இங்கியே பாத்துக்கறோம்."

ஊரையே வாயால் ஓட்டுகிற அக்கா அன்று வளையல் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள் தலைப்பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கு வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மறுநாள் மீன் கூடையோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றாள்.

"ஏ பொண்ணு, மனு எழுது. பக்கத்துத் தெருவு வரைக்கும் புது லைன் வந்துக்கீது இல்ல? நம்ப தெருவுக்கும் இழுக்கச் சொல்லு. என் பொண்ணுக்கு எட்டாம் மாசம் பொறக்கறதுக்குள்ள."

பக்கத்துத் தெருவரைக்கும் புது டேங்க் தண்ணீர் வந்தது உண்மை. எங்கள் தெரு முனையில் வந்து, ஏதோ கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி குழாய் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்டால் ஆபீசில் ஆளுக்கொரு பதில். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் இருப்பதாகவே எனக்கு ஞாபகம் இல்லை, தலைக்கு மேல் ஃபேன் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

"உங்க தெருவுல தண்ணி வருதா, வரலையா?"

"வருது சார், ஆனா..."

"வருது இல்ல? அப்புறம் இன்னாம்மா? தண்ணியே வராத எடத்தப் பாக்க வேணாமா?"

அக்கா அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு போயிருந்தாள். மேஜைமேல் வைத்தாள். அவர் அதை ஏதோ செத்த எலியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "நீங்க கொண்டாந்தா செல்லாது. நாங்கதான் ஆளு அனுப்பி சாம்பிள் எடுக்கணும். ரிப்போர்ட்டுல தண்ணி கெட்டதுன்னு வந்தா அடுத்த லைன் உங்களுக்குத்தான். போங்க, வருவாங்க."

அந்தப் பாட்டிலை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். குப்பையில் போடக்கூட அங்கே ஒரு இடம் இல்லை.

வருவாங்க, வருவாங்க என்று மாதங்கள் போயின. மகளுக்கு எட்டாம் மாதமும் பிறந்துவிட்டது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள். "சம்பந்தி வூட்டுல வூட்டப் பாக்க வந்துக்கறாங்க. தண்ணி மனுவப் பத்திக் கேக்கறாங்க, நீ வந்து எடுத்துச் சொல்லு" என்றாள். நான் கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போய் உட்கார்ந்து கேன் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. சாம்பிள் எடுக்கிறவர். முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் அவர் சொத்து கரைந்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் குழாயில் தண்ணீர் வருவது காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை. பதினொரு மணிக்கு அவர் குழாயைத் திருகினார். காற்று வந்தது. வெயிலில் நின்றவர், மறுபடி ஒரு நாள் காலையில் வர வேண்டுமே என்று யோசித்திருப்பார். எதிரே திறந்திருந்த அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "புடிச்சு வெச்ச தண்ணி இருக்கா? அதுலேருந்து இந்த பாட்டில்ல ரொப்பிக் குடுங்க" என்றார். இப்படி எடுக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்கா பாட்டிலை வாங்கினாள். இடது பக்கம் சமையல்கட்டு, அங்கே குடம். வலது பக்கம் முக்காலி, அதில் கேன். நடுவில் நாற்காலியில் மடுகரை அம்மா, பட்டுப் புடவையில், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு. ஒரு மூச்சு விடுகிற நேரம் அக்கா நின்றாள். அப்புறம் வலது பக்கம் திரும்பி, கேன் தலையில் கையை வைத்து அழுத்தினாள். கண்ணாடி மாதிரி தண்ணீர். பாட்டில் நிரம்பியது.

"இதான் சார் எங்க தெருவு தண்ணி. புடிச்சு இதுல ஊத்தி வெச்சு, நாங்க இத்தத்தான் குடிக்கறோம்."

"லேபிள் யாரு எழுதறது? கையெழுத்து நல்லா இருக்கணும்" என்றார் அவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினேன். பொதுக் குழாய், தெருவின் பெயர், தேதி. அந்த எழுத்தைப் போல அழகாக நான் எந்த மனுவிலும் எழுதியதில்லை. எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. பைக் போனதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாசல் கோலத்தைப் பார்த்தேன்.

ரிப்போர்ட் வந்தது. எங்கள் தெருத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று அச்சடித்த தாளைக் கொண்டுவந்து குழாய் மேடைமேல் ஒட்டினார்கள். மாதக்கணக்கில் எங்களுக்கு ஒரு பதில் எழுத நேரமில்லாதவர்களுக்குத் தாள் ஒட்ட மட்டும் ஆளும் பசையும் கிடைத்துவிட்டது. புது லைன் வேறு தெருவுக்குப் போனது. "காசு வாங்கிகினு பொய்யா எழுதிட்டான்பா" என்று எங்கள் தெரு ஆம்பளைகள் டீக்கடையில் குதித்தார்கள். அவர் காசு வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு அதிகாரியைத் தெருவே திட்டுகிறது, திட்டட்டுமே, அவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மடுகரையில் அந்தத் தாளின் போட்டோவை மாப்பிள்ளை செல்போனில் காட்டியிருக்கிறான். "சர்க்காரே சொல்லிடுச்சே, அப்புறம் இன்னா" என்று அந்தம்மா மருமகளை அனுப்பிவைத்தாள். அக்காவுக்கு நினைத்தது நடந்துவிட்டது. மகள் வந்து இறங்கிய அன்று அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருந்த வாளை, வஞ்சிரமெல்லாம் தெருவுக்கே பங்கு போட்டுக் கொடுத்தாள்.

தினமும் காலையில் பக்கத்துத் தெரு முனைக்குப் போய் வரிசையில் நின்று மகளுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் இடுப்பில் சுமந்து வருவாள். மகள் எங்கள் தெருத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா? "இன்னாம்மா, நம்ப தண்ணிதான் நல்லதுன்னு ஒட்டிக்கீதே" என்று சிரித்தாளாம். "மூடிகினு குடி" என்றாளாம் அக்கா. பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். கதை இங்கே முடிந்திருந்தால் நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எதிர் வரிசையில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு நாலு வயசில் ஒரு பெண். அந்தக் குழந்தைக்காகத்தான் அவள் கேன் வாங்கிக்கொண்டிருந்தாள். தாளைப் படித்தாள். படிக்கத் தெரிந்ததுதான் அவள் செய்த தப்பு. சர்க்கார் பொய் சொல்லுமா என்று நம்பிக் கேனை நிறுத்திவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி, அப்புறம் கண் மஞ்சள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன தண்ணி குடுக்கறீங்க?" என்பதுதான். இவள் செல்போனை எடுத்து அந்தத் தாளின் படத்தைக் காட்டினாள். இரண்டு வாரம் கழித்துத்தான் குழந்தை வீட்டுக்கு வந்தது. தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கை கால் எல்லாம் குச்சியாக, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தாள். கூடை இல்லாமல் வெறுங்கையோடு அவளை முனையில் அன்றுதான் பார்த்தேன்.

"இன்னொரு மனு எழுதுடி."

"என்னான்னு அக்கா?"

"பொய் சொன்னேன்னு எழுது. கேன் தண்ணியக் குடுத்தேன்னு எழுது."

நான் எழுதினேன். "முந்தைய நீர் மாதிரி தவறுதலாக எடுக்கப்பட்டிருக்க வாய்ப்புள்ளதால்" என்று ஆரம்பித்தேன். படித்துக் காட்டியதும் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தாள்.

"வாய்ப்பாம், பெரிய வாய்ப்பு! யாரு எடுத்தா? நான் எடுத்தேன். நீ எழுதின. அத்த எழுதறதுக்கு ஒனக்கு இன்னாடி நோவு?"

ஒனக்கு இன்னாடி நோவு! அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் பேரையும் என் பேரையும் போட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். "உடனடி நடவடிக்கை" என்று எழுதவில்லை. அதனாலோ என்னவோ, ஒரே வாரத்தில் போன் வந்தது. சாம்பிள் எடுக்கிறவர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். ஆறு மணிக்குத்தான் தண்ணீர் வரும் சார் என்றேன். சலித்துக்கொண்டே சரி என்றார்.

போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை விடியற்காலை நல்ல நேரத்தில் பேத்திக்குப் பேர் வைத்துத் தொட்டில் போட மடுகரையிலிருந்து வருகிறார்கள். ஓடிப்போய் அக்காவிடம், "தேதிய மாத்தச் சொல்லட்டுமா? அவங்க இருக்கறப்ப எதுக்கு? மூணாம் மாசம் முடிஞ்சு பொண்ணு போவட்டுமே" என்றேன். பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அதுக்குள்ள இன்னொரு புள்ள படுத்துக்கும். வரட்டும்."

வியாழக்கிழமை ஆறேகாலுக்கு அவர் வந்தார். தொட்டில் போட்டாகிவிட்டது. மடுகரை அம்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேன் அதே முக்காலியில், புது உறையோடு இருந்தது. அவர் வாசலில் நின்று பாட்டிலை நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றும் அவர் பாட்டிலை அக்காவிடம்தான் நீட்டினார், குழாய் பத்தடியில் சொட்டிக்கொண்டிருக்கும்போது.

அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்தாள். அப்புறம் டம்ளரைப் பிடித்து அவரிடம் நீட்டினாள்.

"குடி சார். எங்க வூட்டுக்கு ரெண்டு தபா வந்துட்ட, ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"வேணாம்மா. வண்டியில பாட்டில் இருக்குது."

"தெரியும் சார். அத்தயும் சேத்து எழுதிக்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். தெருவில் நின்ற யாரும் சிரிக்கவில்லை. மடுகரை அம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். அக்கா கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, சாக்கடையில் துப்பினாள்.

"இதுதான் தண்ணின்னா, அன்னிக்கு நீங்க குடுத்தது இன்னா சம்பந்தி?"

"அது காசு குடுத்து வாங்கன கேன் தண்ணி. பொண்ணு வரணும்னு பொய் சொன்னேன். எதிர் வூட்டுப் புள்ள சாவக் கெடந்துச்சு. இனிமே சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை. அந்தம்மா டம்ளரைக் குழாய் மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் பைகள் வெளியே வந்தன. மூன்றாம் மாதம் வரை இருக்க வேண்டிய மகள், ஒரு மாதம்கூட முடியாத குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று விசும்பியபடி ஆட்டோவில் ஏறினாள். அக்கா குழந்தையின் நெற்றியில் மைப்பொட்டை மட்டும் சரி செய்தாள். ஆட்டோ கிளம்பப் போகும்போது அந்தம்மா தலையை வெளியே நீட்டினாள்.

"பால் குடுக்கறவ, வழியில தாகம் எடுக்கும். அந்தக் கேன ஏத்துங்க."

மாப்பிள்ளை தலை குனிந்தபடி உள்ளே போய், புது உறையோடு கேனைத் தூக்கி வந்து காலடியில் வைத்துக்கொண்டான். ஆட்டோ போனது. முக்காலி காலியாக நின்றது.

நான் குழாய் மேடைமேல் பாட்டிலை வைத்து லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பேனா லேசாகத்தான் பதிந்தது. எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. பக்கத்தில் அந்த டம்ளர், முக்கால்வாசித் தண்ணீரோடு அப்படியே இருந்தது. அக்கா ஆட்டோ திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டு நின்றவள், அந்த டம்ளரை எடுத்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாடி பாக்கற? அழுத்தி எழுது."